காவிரிப் படுகையில் நிலம் வாங்க நம்பகமான தரகர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்தில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். கிரயம் எழுத வந்தவர்கள் பெஞ்சில் காத்திருக்கும்போது கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்று போலவே இருக்கும். வெளியூரிலோ வெளிநாட்டிலோ சம்பாதித்ததை ஊர்ப் பக்கம் மண்ணில் போட வந்தவர்கள் அவர்களில் பாதிப் பேர். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதைக் கொடுத்த பிறகு கேட்பார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன். தரகர், புரோக்கர், மீடியேட்டர் மூன்றும் இங்கே ஒரே ஆளைத்தான் குறிக்கும்.

1. புரோக்கர் இல்லாம நேரா வாங்கிட முடியாதா? எதுக்கு அவருக்கு ஒரு கமிஷன்?

முடியும். சொந்த ஊரில், நாலு தலைமுறையாகத் தெரிந்த குடும்பத்திடம் வாங்கினால் தரகரே தேவையில்லை. ஆனால் முதலீட்டுக்காக வாங்குகிறவர் பார்க்கும் ஊர் பெரும்பாலும் அவருடைய ஊராக இருக்காது. வயலுக்கு எந்த மதகிலிருந்து தண்ணீர் பாய்கிறது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, வரப்புத் தகராறு ஏதும் உண்டா, விற்கிற அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்பதெல்லாம் எந்தச் சான்றிதழிலும் வராது. கமிஷன் இந்த விவரங்களுக்குத்தான். இடத்தைக் காட்ட யார் வேண்டுமானாலும் போதும்.

2. நல்ல தரகரை எங்க போய்த் தேடுறது? போன்ல தேடினா நூறு பேர் வர்றாங்க.

தாலுகா அளவில் தேடுங்கள். பாபநாசம் பக்கம் முப்பது வருஷம் தொழில் செய்தவருக்குத் திருத்துறைப்பூண்டி மண் தெரியாது. "தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எங்க வேணும்னாலும் முடிச்சுத் தர்றேன்" என்கிறவர், அந்தந்த ஊரில் இன்னொரு தரகரிடம் கேட்டுத்தான் உங்களுக்குச் சொல்வார். உங்களுக்குத் தேவை அந்த இன்னொருவர்.

ஊர் உரக்கடையில் கேளுங்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும், நிலம் அளக்கும் தனியார் சர்வேயரிடமும், சார்பதிவாளர் அலுவலகத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர்களிடமும் கேளுங்கள். "நல்ல புரோக்கர் யார்?" என்று கேட்டால் தன் மச்சான் பெயரைச் சொல்லிவிடுவார்கள். "நாளைக்கு உங்க வீட்டு நிலத்தையே விக்கணும்னா யார்கிட்ட சொல்வீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்று இடத்தில் ஒரே பெயர் வந்தால் அவரைப் போய்ப் பார்க்கலாம்.

பார்த்ததும், மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் மூலம் வாங்கிய இரண்டு பேரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். போன மாதம் வாங்கியவரிடம் பேசிப் பயனில்லை, அவர் இன்னும் சந்தோஷத்தில் இருப்பார். பட்டா மாறி, இரண்டு மழைக்காலம் பார்த்தவருக்குத்தான் இடத்தின் குணமும் தரகரின் குணமும் தெரிந்திருக்கும். முடியாமல் போன வியாபாரம் ஒன்றைப் பற்றியும் தரகரிடமே கேளுங்கள். ஏன் முறிந்தது, அட்வான்ஸ் திரும்பி வந்ததா என்று அவர் சொல்லும் விதத்திலிருந்து நிறையப் புரியும்.

3. ரெரா நம்பர் வெச்சிருக்கார். அது போதும்தானே?

ரெரா என்பது 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். அதன்படி, பதிவு பெற்ற மனைப்பிரிவிலோ அடுக்குமாடித் திட்டத்திலோ விற்பனைக்கு உதவும் முகவர், ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் கொடுத்த எண்ணைத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். முகவரின் பதிவு வேறு, திட்டத்தின் பதிவு வேறு. முகவர் அட்டையைக் காட்டிவிட்டு, பதிவே ஆகாத மனைப்பிரிவை விற்பவர்கள் உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு பதிவாகியிருக்க வேண்டும். நம் ஊர்க் கணக்கில் அது சுமார் 37 குழிதான் (குழிக் கணக்கு 7ஆம் பதிலில்).

ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கும் வயலுக்கும், தெருவில் இருக்கும் பழைய வீட்டுக்கும் இந்தச் சட்டம் பெரும்பாலும் பொருந்தாது. நம் பக்கத்தில் கைமாறுவதில் நிறைய இந்த வகைதான். ஆகவே பதிவு எண் இல்லாத ஊர்த் தரகரை அதற்காகவே ஒதுக்க வேண்டாம், எண் இருப்பதாலேயே நம்பவும் வேண்டாம்.

4. கமிஷன் எவ்வளவு குடுக்கலாம்? எப்ப குடுக்கணும்?

வழக்கத்தில் வாங்குகிறவர், விற்கிறவர் ஆளுக்கு 1 முதல் 2 விழுக்காடு. முதல் சந்திப்பிலேயே பேசி, ஒரு தாளிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் நாள், பத்திரம் பதிவாகும் நாள். முறையாக ஒப்பந்தம் போட்டிருந்தால் ஒரு சிறு பகுதியை முன்னால் கொடுப்பதில் தவறில்லை. இடம் காட்டியதற்கே பாதியைக் கேட்பவரிடம் நான் போக மாட்டேன்.

பேசிய கமிஷனைக் கடைசி நாளில் குறைக்காதீர்கள். 30 லட்ச ரூபாய் இடத்துக்கு 2 விழுக்காடு என்றால் 60,000 ரூபாய். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்ந்தால் அதைவிட எத்தனையோ மடங்கு. அதையெல்லாம் கட்டிவிட்டுத் தரகரிடம் மட்டும் பேரம் பேசினால், அடுத்த நல்ல இடம் உங்களுக்கு வராது. பட்டா மாறுதலில் சிக்கல் வந்தாலும் அவர் அலைய மாட்டார்.

5. விலைக்கு மேல வெச்சு விக்கிறாங்கன்னு சொல்றாங்களே, அது எப்படி?

நில உரிமையாளருக்குச் சென்ட் இவ்வளவு என்று பேசிவிட்டு, உங்களிடம் கூடுதலாகச் சொல்லி, இடையில் இருப்பதைத் தரகர் எடுத்துக்கொள்வது. கமிஷன் இதற்கு மேல் தனி. சிலர் உரிமையாளரிடம் ஒப்பந்தம் போட்டு, தன் பணத்தையும் கொஞ்சம் போட்டு, கைமாற்றி விற்பார்கள். அதை வெளிப்படையாகச் சொல்லிச் செய்தால் அது வியாபாரம். தரகர் வேடத்தில் மறைத்துச் செய்தால்தான் ஏமாற்று.

இதற்குத் தடுப்பு ஒன்றுதான். ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் உரிமையாளரை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள். விலையை அவர் வாயால் கேளுங்கள். பணம் அவர் வங்கிக் கணக்குக்கு நேரே போகட்டும். "ஓனர் யாரையும் பார்க்க மாட்டார், எல்லாம் என்கிட்டதான்" என்று தரகர் தடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

6. ஒரே இடத்துக்கு நாலு பேர் நாலு விலை சொல்றாங்களே?

தரகர் சங்கிலி நீளமாக இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சம் சேர்க்கும். 5ஆம் பதிலில் சொன்னபடி உரிமையாளரைப் பார்த்துவிட்டால் சங்கிலி தானாக அறுந்துவிடும். ஆனால் உங்களை முதலில் அங்கே அழைத்துப் போனவர் யாரோ, கமிஷன் அவருக்குத்தான். அவரை விட்டுவிட்டு உரிமையாளரோடு தனியாக முடிப்பது நியாயமில்லை. ஊரிலும் அந்தப் பெயர் போகாது.

7. மா, குழின்னு பேசுறாங்க. எனக்கு சதுர அடிதான் தெரியும்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கணக்கில் ஒரு குழி 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, ஏறக்குறைய 33 சென்ட். மூன்று மா கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். 20 மா ஒரு வேலி, சுமார் 6.6 ஏக்கர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி.

குழியின் அளவு எல்லா ஊரிலும் ஒன்றல்ல. அதனால் தரகர் "நூறு குழி" என்றால், "சதுர அடியில் எவ்வளவு, பட்டாவில் ஹெக்டேரில் எவ்வளவு?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நேர்மையானவர் அந்த இடத்திலேயே போனில் கணக்குப் போட்டுக் காட்டுவார். விலை பேசுவது சர்வேயர் அளந்த அளவுக்குத்தான் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

8. இவர் உண்மைதான் பேசுறாரான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கேள்வியைக் கேளுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். முதல் நாள் சர்வே எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். பதிவுத் துறை இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, குறைந்தது 30 ஆண்டுக்கு வில்லங்கம், அதாவது அந்த இடத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாவற்றின் பட்டியலையும் பாருங்கள். இணையத்தில் இல்லாத பழைய வருஷங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போடுங்கள். வருவாய்த் துறை இணையதளத்தில் சிட்டா (யார் பெயரில் எவ்வளவு நிலம் என்ற பதிவு), அ-பதிவேடு (சர்வே எண் வாரியான ஊர் நிலப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் எல்லை வரைபடம்) மூன்றையும் எடுங்கள். வில்லங்கத்தில் ஓர் அடமானம் இருந்து, அது தீர்ந்ததற்கான ரசீது பதிவாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் எதுவும் தெரியாதவர்போல "கடன் ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். "இருக்குங்க, பணம் கட்டிட்டாங்க, ரசீது இன்னும் பதியல. கிரயத்துக்கு முன்னாடி பதிஞ்சிடச் சொல்றேன்" என்பவர் உங்கள் ஆள். "தெரியல, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி மறுநாள் கேட்டும் சொன்னால் அவரும் நல்லவர்தான். "ஒரு வில்லங்கமும் இல்ல சார், கண்ணாடி மாதிரி டாக்குமெண்ட்" என்றால் அவர் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் மறைக்கிறார். இரண்டுமே உங்களுக்கு ஆகாது.

இதேபோல் புலப்படத்தில் வண்டிப் பாதை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு "வழி எப்படி?" என்று கேளுங்கள். பக்கத்து வயல்காரர் வரப்பில் நடக்க விடுகிறார் என்பதைப் பாதை என்று சொல்லி விற்ற கதைகள் ஏராளம். பல பேர் பெயரில் உள்ள கூட்டுப் பட்டா என்று பார்த்துவிட்டு "தனிப் பட்டாவா?" என்று கேளுங்கள்.

கேட்காமலே குறையைச் சொல்கிறாரா என்பது அடுத்த சோதனை. எங்கள் அலுவலகத்துக்கு வரும் தரகர்களில் ஒரு பெரியவர் இருந்தார். வாங்க வந்தவரை வயலுக்கு அழைத்துப் போனதும் அவர் முதலில் காட்டுவது வரப்பையோ தென்னையையோ இல்லை. "இது சுடுகாட்டுக்குப் போற பாதை. இந்த வழியாத்தான் தூக்கிட்டுப் போவாங்க. அப்புறம் என்கிட்ட வந்து சொல்லக் கூடாது" என்பார். பத்தில் மூன்று பேர் திரும்பிப் போய்விடுவார்கள். மீதி ஏழு பேர் அடுத்த இடத்தையும் அவரிடமேதான் வாங்கினார்கள். தன் கமிஷன் போகும் என்று தெரிந்தும் வாயைத் திறக்கிற ஒருவரைத்தான் தேடச் சொல்கிறேன்.

9. கோயில் இடம்னு தெரியாம வாங்கிட்டா என்ன ஆகும்?

காவிரிப் படுகையில் இந்தப் பயம் நியாயமானது. திருவாரூர் தியாகராஜர் கோயிலிலிருந்து சின்னச் சின்னக் கிராமக் கோயில் வரைக்கும், திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்களுக்கும் திருப்பனந்தாள் மடத்துக்கும் இந்தப் பகுதியில் நிலம் உண்டு. 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவுப்படி அப்படிப்பட்ட இடத்தைச் சார்பதிவாளர் பதியவும் மாட்டார்.

பட்டா தனியார் பெயரில் இருப்பது மட்டும் போதாது. 1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் கோயில் நிலங்கள் சிலவற்றுக்குத் தனியார் பெயரில் பட்டா ஏறியிருக்கிறது. பிறகு அறநிலையத் துறை மீட்டெடுக்கும்போது கடைசியாக வாங்கியவர்தான் தவிப்பார். அ-பதிவேட்டையும் அதற்கு முந்திய பழைய பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழையதில் "அருள்மிகு" என்று தொடங்கும் பெயர் இருந்தால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

ஊருக்குள் வீடு வாங்குகிறவர்கள் "அடிமனை யாருது?" என்று கேட்க வேண்டும். கும்பகோணத்திலும் திருவாரூரிலும் கோயிலைச் சுற்றிய தெருக்களில், கட்டடம் குடியிருப்பவருக்கும் கீழே உள்ள மண் கோயிலுக்கும் சொந்தமான வீடுகள் இருக்கின்றன. மாதா மாதம் அடிமனை வாடகை கோயிலுக்குப் போகும். அந்த வீட்டை வாங்கினால் சுவரும் கூரையும்தான் உங்களுடையவை. இதை மறைக்காமல் முதலிலேயே சொல்கிறவர் என்றால், அவர் 8ஆம் பதிலில் சொன்ன வகைத் தரகர்.

10. வயல்ல ஒருத்தர் குத்தகைக்கு உழுறார். 'பேசி எழுப்பிடலாம்'ங்கறார் புரோக்கர்.

அவ்வளவு சுலபமாக எழுப்ப முடியாது, எழுப்பவும் கூடாது. 1955ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் தஞ்சைத் தரணியின் போராட்டங்களிலிருந்து பிறந்தது. நிலம் கைமாறினாலும் குத்தகைதாரரின் உரிமை போகாது. குத்தகை பாக்கி போன்ற காரணங்கள் இருந்தால்தான் வருவாய் நீதிமன்றம் மூலம் வெளியேற்றக் கேட்கலாம். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் பெயர் குத்தகைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் பாருங்கள்.

பதிவில் பெயர் இல்லை என்றாலும் நேரில் போய் அவரிடம் பேசுங்கள். எத்தனை வருஷமாக உழுகிறார், அவர் அப்பாவும் உழுதாரா, விற்பது அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். அவர் தானாக விலகச் சம்மதித்தால், உரிமையாளர் அவருக்கு உரியதைக் கொடுத்து, எழுத்தில் முடித்த பிறகு நீங்கள் உள்ளே வாருங்கள். "நம்ம ஆளுங்க பார்த்துப்பாங்க" என்று சொல்லும் தரகர், நாளைக்கு வேறு யாருக்காவது உங்களையும் அப்படித்தான் பார்ப்பார்.

11. வேளாண் மண்டலம் ஆக்கிட்டாங்களே, இனிமே இங்க மனை போட முடியுமா முடியாதா?

தரகர்கள் இதை இரண்டு விதமாகவும் பயன்படுத்துகிறார்கள். "இனி புது மனையே வராது, இருக்கிறதுக்கு விலை எகிறும்" என்று ஒருவர். "சட்டமெல்லாம் பேப்பர்லதான், நஞ்சையை எப்ப வேணா மனையாக்கலாம்" என்று இன்னொருவர். இரண்டும் தப்பு. 2020ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடுப்பது உலோகம் உருக்கும் ஆலைகள், எஃகு ஆலை, தோல் பதனிடும் ஆலை, புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பது போன்ற தொழில்களை. வீட்டு மனை அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் நஞ்சையை மனையாக்க நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எப்போதும் தேவை. வேளாண் துறையிடமும் கருத்துக் கேட்பார்கள். பாசனம் உள்ள வயலுக்கு அது எளிதில் கிடைக்காது. கிடைக்கும் என்று தரகர் சொன்னால், அனுமதி வந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். என் தனிப்பட்ட எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன்: மூன்று போகம் விளைந்த மண்ணில் கல் நடுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். வயலை வயலாகவே வாங்கி உழவருக்குக் குத்தகைக்கு விடுவதும் முதலீடுதான்.

12. அப்ரூவல் இல்லாத மனை, விலை கம்மி. 'அப்புறம் ரெகுலர் பண்ணிக்கலாம்'னு சொல்றார்.

20.10.2016 என்ற தேதியை நினைவில் வையுங்கள். அதற்கு முன்பே மனையாகப் பதிவான இடங்களுக்குத்தான், ரெகுலர் செய்ய வழிவிடும் 2017ஆம் ஆண்டு வரன்முறை விதிகள். அதற்குப் பிறகு புதிதாகப் பிரித்த அனுமதியில்லா மனையை மனையாகப் பதியவே முடியாது. அதனால் சிலர் "விவசாய நிலமா, சென்ட் கணக்குல பதிஞ்சு தர்றேன்" என்பார்கள். பத்திரம் கைக்கு வரும். வீடு கட்ட அனுமதியும் வங்கிக் கடனும் வராது. விற்கப் போனால் உங்களைப் போலவே விவரம் தெரியாத ஒருவரைத் தேட வேண்டியிருக்கும்.

அனுமதி பெற்ற மனைப்பிரிவிலும், சாலைகளை ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்களா என்று பாருங்கள்.

13. நான் சிங்கப்பூர்ல இருக்கேன். வயல் வாங்கலாமா? தரகர் தன் பேருக்கு பவர் கேட்கிறார்.

வெளிநாட்டில் குடியிருப்பவர் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி இந்தியாவில் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. வீடு, மனை, கடை வாங்கலாம். அப்பா அம்மாவிடமிருந்து வாரிசாக வரும் வயலை வைத்துக்கொள்ளலாம். மீறினால் அபராதம் தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். இது தெரிந்தும் "யாரும் கேட்க மாட்டாங்க" என்று வயலைக் காட்டுபவர் உங்களைக் குற்றத்தில் தள்ளுகிறார். மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பவர், அதாவது உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம், தரகருக்குக் கொடுக்கவே கூடாது. நம்பிக்கையான தரகராக இருந்தாலும் கூடாது. வாங்கும் வேலையில் அவர் நலனும் உங்கள் நலனும் ஒன்றல்ல. உடன்பிறந்தவருக்கோ அப்பா அம்மாவுக்கோ, குறிப்பிட்ட ஒரு சொத்துக்கு மட்டும், குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் எழுதுங்கள். அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரையிட வேண்டும். விற்கிறவர் தரப்பில் பவர் ஏஜென்ட் கையெழுத்திடுகிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாகப் பவரும் போய்விடும்.

14. அட்வான்ஸ் ரொக்கமா வேணும்ங்கறார். பத்திரத்துல கம்மியாப் போட்டுக்கலாம்ங்கறார்.

20,000 ரூபாயோ அதற்கு மேலோ சொத்துக்கு ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். இதை விற்கிறவரிடம் சொன்னாலே பல இடங்களில் வங்கி வழிக்கு வந்துவிடுவார். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அதற்குப் பதிவு கட்டாயம்.

பத்திரத்தில் குறைத்துப் போட்டால் வியாபாரம் முறியும் நாளில் நீங்கள் நிரூபிக்க முடிவது எழுதிய தொகையை மட்டுமே. நாளைக்கு நீங்கள் விற்கும்போது லாபம் அதிகமாகத் தெரிந்து வரியும் அதிகமாகும். "எல்லாரும் அப்படித்தான்" என்பது தரகர் வாயில் வந்தால், அவர் விற்கிறவருக்கு வேலை செய்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

15. தரகரே நம்ம சொந்தக்காரர். அவர்கிட்ட போய் இதெல்லாம் எப்படிக் கேட்கிறது?

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. உறவுக்காரர் ஒருவர் மனை காட்டினார். பங்குனி மாதம், மண் காய்ந்து கிடந்தது. அலுவலகத்தில் எத்தனையோ பேருக்குச் சொன்னதை நானே அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று நினைப்பாரே என்ற கூச்சம். கார்த்திகையில் போய்ப் பார்த்தபோது முழங்கால் தண்ணீர். மனைப்பிரிவு போட்டவர்கள் வடிகால் வாய்க்காலைத் தூர்த்திருந்தார்கள். புலப்படத்தில் அந்த வாய்க்கால் தெளிவாக இருந்தது, நான் எடுத்துப் பார்க்கவில்லை. உறவுக்காரர் பொய் சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது. ஆனால் அந்த மனையில் இன்றுவரை வீடு கட்டவில்லை.

அதனால் உறவு என்றால் இன்னும் கூடுதலாகக் கேளுங்கள். "வீட்டில எல்லாரும் பேப்பர் பார்க்கச் சொல்றாங்க மாமா" என்று மரியாதையாகச் சொல்லலாம். எந்த இடமானாலும் ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். காத்திருக்க முடியாவிட்டால் பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 2018 நவம்பர் கஜா புயலில் அங்கே என்ன நடந்தது என்று கேளுங்கள். வேதாரண்யம் பக்கம் அதை மறந்தவர் யாரும் இல்லை.

16. 'பொண்ணுங்க கையெழுத்து வேண்டாம், அவங்க கேட்க மாட்டாங்க'ங்கறார் தரகர். சரியா?

சரியில்லை. கட்டிக் கொடுத்த மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989லேயே மணமாகாத மகள்களுக்கு அந்த உரிமை வந்தது. 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. இன்று கேட்காதவர், விலை ஏறியதும் கேட்பார். கேட்பது அவர் உரிமை. வாரிசுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள ஒவ்வொருவரும் கையெழுத்திடுகிறார்களா என்று பாருங்கள். இந்த வேலையை நீங்கள் கேட்காமலே முடித்து, மதுரையிலிருக்கும் அக்காவையும் பதிவு நாளில் வரவழைக்கிற தரகருக்கு 2 விழுக்காடு குறைவுதான்.

17. 'நாலு வழிச் சாலை வருது, ரெண்டு வருஷத்துல டபுள்'ங்கறாரே?

விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் நான்கு வழிச் சாலையைக் காட்டி இங்கே எத்தனையோ மனைகள் விற்றிருக்கின்றன. சாலைக்குப் பக்கத்தில் என்றால் முதலில் கேட்க வேண்டியது, அந்தச் சர்வே எண் நிலமெடுப்பு அறிவிக்கையில் இருக்கிறதா என்பது. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3-ஏ, 3-டி அறிவிக்கைகளில் சர்வே எண்கள் வரும். அதன் பிறகு வாங்கியவர் இழப்பீட்டுக்கு அலைய வேண்டியதுதான்.

விலை இரட்டிப்பாகும் என்று யாராலும் உறுதி தர முடியாது. தரகரிடம் இப்படிக் கேளுங்கள்: "போன மூணு வருஷத்துல இந்தத் தெருவுல வாங்கினவங்க யாராவது வித்திருக்காங்களா? யார் வாங்கினாங்க?" வாங்கியவர்கள் எல்லாம் முதலீட்டாளர்களாக இருந்து, ஒருவர்கூட வீடு கட்டிக் குடிவரவில்லை என்றால் நீங்கள் விற்கும் நாளில் வாங்க ஆள் இருக்காது.

18. ஏமாந்துட்டேங்க. இனிமே என்ன பண்றது?

இன்றே வில்லங்கம் போட்டு, அந்த இடம் வேறு யாருக்காவது பதிவாகிவிட்டதா என்று பாருங்கள். ரசீது, வங்கி விவரம், தரகருடன் நடந்த வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். பதிவு பெற்ற மனைத் திட்டமும் முகவரும் என்றால் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கமிஷன் வாங்கிக்கொண்டு சேவையில் தவறியதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம் என்றால் மாவட்டக் காவல் துறையின் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவுக்குப் போங்கள்.

ஒப்பந்தம் போட்டும் கிரயம் செய்து தர மறுத்தால் வழக்குப் போட 3 ஆண்டு அவகாசம். ஒப்பந்தத்தில் முடிக்கும் தேதி எழுதியிருந்தால் அந்தத் தேதியிலிருந்து, இல்லையென்றால் அவர் மறுத்தது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். "அடுத்த மாசம் முடிச்சுடலாம்", "தை பிறக்கட்டும்" என்ற பேச்சிலேயே அந்த மூன்று வருஷம் ஓடிப்போய், கெடு முடிந்த பிறகு எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். அறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லி, ஒப்புகை அட்டையைக் கோப்பில் வையுங்கள்.